ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்

கடலுக்கடியில் சிலிண்டர் காற்றைச் சுவாசித்தவன் உடனே விமானம் ஏறக்கூடாது. ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பல நாட்கள் தொடர்ந்து இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் தரையில் இருந்தாக வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. ஆழத்தில் அழுத்தத்தால் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன் மூச்சு வழியாக மெல்ல மெல்ல வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலைமேல் இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடும். அப்போது ரத்தத்திலும் மூட்டிலும் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழாகக் கிளம்பினால் கை கால் மரத்துப்போகலாம், முடங்கியும் போகலாம். அதனால், வெளிநாட்டில் டைவிங் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவர்கள் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் தண்ணீரைத் தொடமாட்டார்கள்.

தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிற கோ தாவ் தீவில் அந்த நாளை நான் கணக்கு முடிப்பதில் கழித்தேன். டைவிங் கடையில் வரவேண்டிய பாக்கியை வாங்கினேன். வாடகை வீட்டு முன்பணத்தைத் திரும்பப் பெற்றேன். வெட்சூட்டை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன். பழைய ஃபின் இரண்டையும் படகில் எங்களுக்குச் சிலிண்டர் தூக்கித் தந்த பர்மியத் தம்பியிடம் கொடுத்தேன். அந்தத் தீவில் கடலில் இறங்குகிறவர்கள் உலகமெங்கும் இருந்து வருகிறார்கள். சிலிண்டரைச் சுமக்கிறவர்களில் பெரும்பாலோர் மியான்மரிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தோள் இல்லாமல் அங்கே ஒரு படகும் கிளம்பாது. இதை எழுதாமல் அந்தத் தீவைப் பற்றி மற்றதை எழுதுவது நியாயமாக இருக்காது.

கோ தாவ் மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். ஆனால் உலகத்தில் மிக அதிகம் பேருக்கு டைவிங் சான்றிதழ் கிடைக்கிற இடங்களில் அது ஒன்று. அமைதியான விரிகுடாக்கள், ஆண்டு முழுக்கக் கதகதப்பான தண்ணீர், கரையிலிருந்து கால் மணி நேரப் படகுப் பயணத்துக்குள் பவளப்பாறை, கொஞ்சம் தள்ளிப் போனால் சும்போன் பினாக்கிள். அங்கே சில நாட்களில் திமிங்கலச் சுறா தலைக்கு மேலே கடந்துபோகும். 2011இல் தாய்லாந்துக் கடற்படையின் பழைய கப்பலான சத்தகுட்டை அங்கே மூழ்கவைத்தார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள்.

நான் அங்கே சம்பளக்காரன் இல்லை. வேலை அனுமதி ஒரு கடையின் பெயரில் இருக்கும், வருமானம் தலைக்கணக்கில் வரும். ஒரு மாணவர் பயிற்சியை முடித்தால் இவ்வளவு, சுற்றுலாவாக ஒருவரை இறக்கிக் காட்டினால் இவ்வளவு. மாணவர் இல்லாத நாளில் வருமானமும் இல்லை. காதில் சளி கட்டினால் இறங்க முடியாது, அன்றைக்கும் வருமானம் இல்லை. பயிற்சியாளர் உறுப்பினர் கட்டணம், காப்பீடு, முதலுதவிப் பயிற்சியின் புதுப்பிப்பு, ரெகுலேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யும் செலவு எல்லாம் நம் கையிலிருந்துதான். நவம்பரில் மழையும் அலையும் வந்து படகுகள் நின்றுபோகும். சிலர் அந்தமான் கடல் பக்கம் காவ் லாக்குக்குக் கிளம்பி, சிமிலான் தீவுப் படகுகளில் வேலை பார்ப்பார்கள். சிமிலான் தேசியப் பூங்கா அக்டோபர் நடுவில் திறந்து மே நடுவில் மூடும். நான் அந்த மாதங்களில் தீவிலேயே இருந்து கடைகளின் ரெகுலேட்டர்களைச் சரிபார்த்துக் கொடுத்து அரிசிக்குச் சம்பாதித்தேன்.

அங்கே பயிற்சியாளருக்கு மதிப்பு அவர் பேசும் மொழியில். ஜெர்மன் பேசுகிறவருக்கு ஜெர்மானியர்கள், சீனம் பேசுகிறவருக்குச் சீனர்கள். தமிழும் ஆங்கிலமும் ஓரளவு இந்தியும் தெரிந்த எனக்கு நம் ஆட்கள் வந்தார்கள். 2011இல் வந்த ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’ என்ற இந்திப் படத்தில் ஸ்பெயின் கடலில் டைவிங் செய்கிற காட்சி ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஆசை வந்தது என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். 2023 நவம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் வரலாம் என்றானபின் வரத்து இன்னும் கூடியது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. முழுப் பயிற்சிக்கு 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். மெரினாவில் கணுக்கால் நனைத்ததோடு கடலை முடித்துக்கொண்ட பெண்கள், ‘ஆழத்துக்குப் போகாதே’ என்ற ஒரே பாடத்தோடு வளர்ந்த பையன்கள். அவர்களை முதலில் முதுகை நனைத்து மல்லாக்கப் படுக்கவைத்து, காது தண்ணீருக்குள் இருக்க, வானத்தைப் பார்த்து மூச்சு விடச் சொல்வேன். மிதக்கத் தெரிந்த உடம்புக்குத்தான் மூழ்கக் கற்றுக்கொடுக்க முடியும்.

இந்தத் தொழிலின் சாரம் மீன்களைக் காட்டுவதில் இல்லை, இன்னொருவரின் மூச்சைப் படிப்பதில் இருக்கிறது. தண்ணீருக்கடியில் பேச முடியாது. எட்டு மாணவர்கள் வரை ஒருவர் அழைத்துப் போகலாம் என்று விதி அனுமதித்தாலும் நான் நாலு பேருக்குமேல் ஒத்துக்கொள்ளமாட்டேன், நாலு ஜோடிக் கண்களுக்குமேல் என்னால் பார்க்க முடியாது. பயப்படுகிறவர் கையை ஆட்டிச் சொல்லமாட்டார். பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். விரல்கள் எதையாவது இறுக்கப் பிடிக்கும், பெரும்பாலும் அவர் போட்டிருக்கும் வாரையே. படுக்கைவசமாக இருந்த உடம்பு நிமிர்ந்து செங்குத்தாகும். கால்கள் மிதிக்கத் தொடங்கும். இதற்கெல்லாம் முன்னால் தெரிவது குமிழி. ஒழுங்காக மூச்சு விடுகிறவரின் தலைக்கு மேலே குமிழிகள் கொத்துக் கொத்தாக, இடைவெளி விட்டுக் கிளம்பும். அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனால், அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். நான் முன்னால் போய் அவர் தோள்வாரைப் பிடித்து, கண்ணோடு கண் வைத்து, என் நெஞ்சுக்கு எதிரே உள்ளங்கையை முன்னும் பின்னும் அசைப்பேன். விடு, இழு, விடு. அவர் குமிழி என் கையசைவுக்கு ஒத்துவரும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.

மூச்சைப் பிடிப்பது ஏன் இவ்வளவு ஆபத்து என்பதைப் பாடத்தின் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுவோம். கடல்மட்டத்தில் நம்மீது ஒரு பங்கு அழுத்தம். 10 மீட்டரில் இரண்டு பங்கு, 20 மீட்டரில் மூன்று. 10 மீட்டரில் சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்கு இடம் கேட்கும். மூச்சு விட்டுக்கொண்டே வந்தால் அது வெளியே போகிறது. பிடித்துக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியும். நாலைந்து அடி ஆழமே அதற்குப் போதும். ‘ஒருபோதும் மூச்சைப் பிடிக்காதே’ என்பது டைவிங்கின் முதல் கட்டளை. ஐரோப்பியருக்கும் சீனருக்கும் நம் ஆட்களுக்கும் இதையே சொல்லிச் சொல்லி என் வாய் பழகியிருந்தது. பிறகு தூத்துக்குடியின் தெரேஸ்புரத்துக் கரையில் இதே கட்டளையைச் சொன்னபோதுதான் இது எவ்வளவு பெரிய பேச்சு என்று உறைத்தது.

ஏன் திரும்பினேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய காரணம் இல்லை. இந்தத் தொழிலில் பதவி உயர்வு கிடையாது. அதே 18 மீட்டர், அதே பாறை, ஆள்தான் புதிது. நண்பர்கள் எல்லாரும் இரண்டு மூன்று வருடத்தில் கிளம்பிவிடுவார்கள். பாங்காக்கில் ரத்தினக்கல் வியாபாரம் செய்யும் காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் மகனோடு வந்து என்னிடம் பயிற்சி எடுத்தார். காயலிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் போய் அங்கே கல் வியாபாரம் செய்கிறவர்கள் நிறைய. இரவுச் சாப்பாட்டின்போது அவர் கேட்டார், “தம்பி தூத்துக்குடிங்கறிய. நம்ம ஊருக் கடல்ல அடியில என்ன இருக்கு?” கோ தாவில் எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் விலாங்கு மீன் தலை நீட்டும் என்று எனக்குத் தெரியும். நான் பிறந்த வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிற கடலின் அடியை நான் பார்த்ததே இல்லை. அடுத்த மழைக்காலத்துக்குமுன் கிளம்பிவிட்டேன்.

சும்போன் நகருக்குப் படகு, அங்கிருந்து ரயிலில் பாங்காக், விமானத்தில் சென்னை, எழும்பூரிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ். ரெகுலேட்டரையும் டைவ் கம்ப்யூட்டரையும் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன். ஒரு பயிற்சியாளர் எதை இழந்தாலும் அவை இரண்டையும் இழக்கக்கூடாது.

வீட்டில் அம்மா, “இப்படிக் கறுத்துப் போயிட்டியே” என்றாள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா, “பி.எஃப். பிடிச்சாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் கவலையை நான் குறைசொல்லமாட்டேன். மாதம் பிறந்தால் சம்பளம் என்ற ஒழுங்கில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். கடன் கேட்டுப் போன வங்கியிலும் அதே கேள்விதான் வேறு வடிவத்தில் வந்தது. சம்பளச் சீட்டு, நிறுவனத்தின் கடிதம், இந்தியாவில் கட்டிய வருமான வரி. வெளிநாட்டில் தலைக்கணக்கில் சம்பாதித்தவனிடம் இவை எதுவும் இருக்காது. தனியாகத் தொழில் செய்யப் போகும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: எங்கே இருந்தாலும் வரவு செலவை எழுதி வையுங்கள், வங்கி வழியாக வாங்குங்கள், இந்தியாவில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய நிலையில் இருந்தால் வருடந்தோறும் செய்யுங்கள்.

சிலிண்டர் விஷயம் தனி. அங்கே கடைக்குப் பின்னால் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும், எடுத்து நிரப்பினால் முடிந்தது. இங்கே உயர் அழுத்தக் காற்று நிரப்பும் உருளைகளுக்கு 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகள் உண்டு. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதல் இல்லாத சிலிண்டரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பயன்படுத்த முடியாது. குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனையும் வேண்டும். இந்த விதிகள் சலிப்பாக இருந்தாலும் சரியானவை. 200 பார் அழுத்தத்தில் காற்றை அடக்கிவைத்திருக்கும் அலுமினியத்தின் பக்கத்தில் நிற்கிறவன் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

முதலில் புதுச்சேரிக்குப் போய் ஒரு கடையில் சேர்ந்தேன். அங்கே ஒரு சீசனிலேயே வங்கக்கடலின் குணம் புரிந்தது. முதல் நாள் 15 மீட்டர் தூரம் தெரிந்த தண்ணீரில் மறுநாள் நீட்டிய கை தெரியாது. பிறகு தூத்துக்குடி வந்தேன். இங்கிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். 1986இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. அதன் எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது. சுற்றுலாப் பயணிகளை இறக்கிக் காசு பார்க்கலாம் என்று வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இல்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி இங்கே பவளம் வெளுத்திருக்கிறது. சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டியெடுத்த காலத்தின் பலனாக விலங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. பட்டதெல்லாம் பட்டு மிஞ்சியிருக்கிற பாறைமேல் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களின் ஃபின் அடி விழவேண்டாம். கோ தாவில் கூட்டம் அதிகமான பாறைகளில் உடைந்த கிளைப்பவளத்தைப் பார்த்த பின் சொல்கிறேன்.

அப்படியானால் இங்கே எனக்கு என்ன வேலை? அதற்குப் பதில் தெரேஸ்புரத்தில் கிடைத்தது.

விடியலுக்கு முன்னால் வள்ளங்கள் அங்கிருந்து கிளம்பும். சங்கு குளிக்கப் போகிறவர்களின் வள்ளத்தில் ஒரு கம்ப்ரஸர், சுருட்டிய நீளமான ஹோஸ், முகக் கண்ணாடி, வலைப்பை இருக்கும். ஹோஸின் முனையைக் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். மணலில் பாதி புதைந்து கிடக்கும் சங்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே நடப்பார்கள். எடுத்தது கொல்கத்தாவுக்குப் போய் அங்கே வளையலாகும். கிடைத்த பணத்தில் டீசல் போக, வள்ளத்துக்கு ஒரு பங்கு, கம்ப்ரஸருக்கு ஒரு பங்கு, மீதி குளித்தவர்களுக்கு. அவர்களுக்கும் சம்பளம் கிடையாது, எண்ணிக்கைக் கணக்கு. இறங்காத நாளில் வரவு இல்லை. இந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை. அதனால்தான் முதல் நாளே அவர்களோடு உட்கார முடிந்தது என்று நினைக்கிறேன்.

மூத்தவர் ஒருவர் இடது தோளை அமுக்கிக்கொண்டே பேசினார். “மேல வந்தா வலிக்கும் தம்பி. திரும்ப ரெண்டு பாகம் இறங்கி நின்னா விட்டுரும். எங்க அப்பா காலத்துல இந்த வலியே கிடையாது பாத்துக்க.”

அவர் சொன்ன மூன்று வாக்கியத்திலும் இயற்பியல் முழுக்க இருந்தது. அவர் அப்பா வெறும் மூச்சில் குளித்தவர். மேலே இழுத்த ஒரே மூச்சோடு இறங்கினால், ஆழம் போகப்போக நெஞ்சுக்குள் இருக்கும் காற்று சுருங்கும், திரும்பி வரும்போது பழைய அளவுக்கு விரியும், அதற்குமேல் விரியாது. ஒரு நிமிடச் சொச்சம் அடியில் இருப்பதில் உடம்பில் கரையும் நைட்ரஜனும் மிகக் குறைவு. இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலமெல்லாம், கடைசியாக நடந்த 1961 வரை, கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கிக் கயிற்றில் ஏறி வந்தவர்களின் முறை அதுதான். மூச்சைப் பிடிப்பது அவர்களுக்குத் திறமை. அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அது. பிறகு கம்ப்ரஸர் வந்தது. கருவி மாறிய அன்றைக்கே பாடமும் மாறியிருக்க வேண்டும். மாற்றிச் சொல்ல யாரும் வரவில்லை. ஹோஸ் வழியாக ஆழத்தில் இழுத்த காற்றைப் பழைய பழக்கத்தில் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். அவர் அப்பாவைக் காப்பாற்றிய வித்தை அவருக்கு எமனாகக்கூடும்.

இன்னொன்றும் உண்டு, அதை நான் அங்கே வள்ளத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன். கோ தாவில் எங்களைக் காப்பாற்றியதில் பாதி வேலையைச் செய்தது சிலிண்டர் தீர்ந்துபோவதுதான். 18 மீட்டரில் ஒரு சிலிண்டர் ஒரு மணி நேரம்கூட வராது. எங்கள் அட்டவணைப்படி முதல் இறக்கத்தில் 18 மீட்டரில் அதிகபட்சம் 56 நிமிடம், 12 மீட்டரில் 147 நிமிடம் இருக்கலாம். காற்று தீர்ந்து மேலே வருகிறவர் தன்னையறியாமலே அந்த எல்லைக்குள் நின்றுவிடுவார். கம்ப்ரஸர் தீராது. டீசல் இருக்கும்வரை காற்று வரும். சங்கு கிடைக்கிற இடமாக இருந்தால் மணிக்கணக்கில் அடியில் இருப்பார்கள். மீனவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். பத்துப் பாகம் என்றால் ஏறத்தாழ 18 மீட்டர். என் மாணவர்களுக்கு அது எல்லை, இவர்களுக்கு அது வேலை செய்யும் தரை.

நைட்ரஜனை அவர்களுக்கு விளக்க நான் ஒரு கோலி சோடாவை வாங்கிக்கொண்டு போனேன். உடைக்காதவரை உள்ளே எதுவும் தெரியாது, கோலியைச் சட்டென்று அமுக்கினால் நுரை பொங்கும், கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் பொங்காது. அந்த நுரைதான் உங்கள் தோளில் என்றேன். மூத்தவர் சோடாவை வாங்கி, தானே ஒருமுறை மெதுவாகத் திறந்து பார்த்தார்.

என் வேண்டுகோள் சின்னது. மெதுவாக ஏறுங்கள், ஏறுகிற வழியெல்லாம் மூச்சை விட்டுக்கொண்டே ஏறுங்கள், மேலே வருமுன் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். ஐந்து மீட்டர் என்பது அவர்கள் கணக்கில் மூன்று பாகத்துக்குக் கொஞ்சம் குறைவு. நங்கூரக் கயிற்றில் அந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, சிவப்புத் துணி கட்டினேன். எதிர்ப்பு உடனே வந்தது. இளையவர் ஒருவர் சொன்னார், “மூணு நிமிசத்துல நாலு சங்கு எடுத்துருவேன்ணே. நீவாடு இழுக்கும்போது கயித்தப் பிடிச்சுட்டு சும்மா தொங்கச் சொல்லுதீங்க.” நியாயமான பேச்சு. ஒரு நாளில் பலமுறை இறங்கினால் பல மூன்று நிமிடங்கள். இதில் ‘உயிர் முக்கியம்’ என்று உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை, அரிசிக்காகக் காது வலியோடு இறங்கிய பயிற்சியாளர்களை நான் கோ தாவில் பார்த்திருக்கிறேன். அதனால் கணக்காகவே பேசினேன். தோள் வலியோடு கரையில் படுத்த ஒரு வாரத்துக்கு எத்தனை சங்கு? முடங்கிப்போனால் எத்தனை? மூத்தவர்தான் முதலில் ஒத்துக்கொண்டார். என் கம்ப்யூட்டரை அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டேன். நானும் பக்கத்தில் இறங்கி, அந்தச் சிவப்புத் துணிக்கு நேரே அவரோடு நின்றேன். அந்த வாரம் வலியில்லாமல் தூங்கியதாகச் சொன்னார். மூன்று நிமிடம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மெதுவாக ஏறியதும், இரண்டு இறக்கத்துக்கு நடுவே மேலே இருந்து இளைப்பாறியதும் சேர்ந்திருக்கும்.

கம்ப்ரஸரையும் பார்த்தோம். இன்ஜின் புகை போகிற திசையிலேயே காற்று உறிஞ்சும் வாய் இருந்தது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, ஆழத்தில் அதன் விஷம் கூடும். உறிஞ்சும் வாய்க்கு நீளமான குழாய் போட்டு, காற்று வருகிற பக்கம் உயரமாகத் தூக்கிக் கட்டினோம். எண்ணெய் ஆவியைப் பிடிக்க வடிகட்டி வைத்தோம். செலவு பெரிதில்லை.

அவர்களிடமிருந்து நான் வாங்கிக்கொண்டது இதைவிட அதிகம். தாய்லாந்தில் நான் வழிகாட்டியது கண்ணால். இங்கே இரண்டு முழத்துக்கு அப்பால் தெரியாத தண்ணீரில் அவர்கள் மணலில் சங்கு ஊர்ந்துபோன தடத்தைக் கண்டுபிடித்து, அது எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்கிறார்கள். ஹோஸ் இழுபடுகிற விதத்தில் நீவாடு, அதாவது நீரோட்டம், திரும்பியதை அறிகிறார்கள். கச்சான் காற்று எழும்பினால் மண்டி கிளம்பி எத்தனை நாள் கடல் கலங்கிக் கிடக்கும், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) முதலில் தெளியும் என்பது அவர்கள் வாயில் இருக்கிறது. பங்குனி சித்திரையில் தெளிவு வரும் என்றார் மூத்தவர். பழைய முத்துக்குளிப்புகள் நடந்ததும் அந்த மாதங்களில்தான். அவர் காட்டிய பாரில் அந்தத் தெளிவில் இறங்கியபோது, காயல்பட்டினத்துப் பெரியவர் கேட்ட கேள்விக்கு ஒரு பகுதி விடை எனக்குக் கிடைத்தது: வெண்மணல், விசிறிப் பவளம், கூட்டமாக ஊளி மீன், மணலைத் துழாவும் திருக்கை. அவருக்கு அதை எழுதி அனுப்பினேன்.

இதில் எனக்கு வருமானம் இல்லை. வருடத்தில் கடல் தெளிவான மாதங்களில் பாதியைப் புதுச்சேரியில் மாணவர்களுக்குக் கொடுத்துச் சம்பாதிக்கிறேன். மீதிக் காலம் இங்கே நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அப்பா இன்னும் பி.எஃப். பற்றிக் கேட்கிறார்.

இப்போது எங்களுக்கு முன்னால் இருக்கும் வேலை ஆக்சிஜன். நைட்ரஜன் குமிழ் தாக்கியவருக்கு முதல் மருந்து தூய ஆக்சிஜன், பிறகு அழுத்த அறைச் சிகிச்சை. அந்த அறையில் வைத்து 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம் கொடுத்து, ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து மெல்ல வெளியே கொண்டுவருவார்கள். அந்த வசதி எல்லா ஊரிலும் இருப்பதில்லை. போய்ச் சேரும்வரை வழியெல்லாம் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வலி தெரிந்ததும் திரும்பக் கடலில் இறங்கி நின்று சரிசெய்துகொள்ளும் பழக்கத்தை விடச் சொல்கிறேன். அடியில் வைத்தே நினைவு தப்பினால் எடுக்க ஆள் இருக்காது.

இந்த நோயின் அறிகுறி பல நேரம் கடலில் தெரியாது. கரைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, படுத்தபிறகு கால் மரக்கும். அப்போது பக்கத்தில் இருப்பது மனைவியும் பிள்ளைகளும்தான். தைலம் தேய்த்து விடியட்டும் என்று காத்திருந்து கெட்டுப்போன கதைகளை அவர்களே சொன்னார்கள். ஆகவே ஆக்சிஜன் சிலிண்டரை வள்ளத்துக்காரரிடம் மட்டும் கொடுத்துப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்தபின் பெண்களை உட்காரவைத்து வகுப்பு எடுக்கிறேன். முகமூடியை எப்படிப் பொருத்துவது, வால்வை எந்தப் பக்கம் திருப்புவது, சிலிண்டர் பக்கத்தில் ஏன் அடுப்பும் பீடியும் கூடாது, ஆஸ்பத்திரியில் சொல்லவேண்டிய முதல் தகவல் என்ன: எத்தனை பாகம், எத்தனை நேரம், எப்போது மேலே வந்தார். போன வாரம் ஒரு பெண், இந்த மூன்றையும் வீட்டுக்காரர் வந்ததும் காலண்டரில் எழுதி வைத்துவிடலாமே என்றார். அந்த வீட்டில் எழுதத் தொடங்கியாகிவிட்டது. மற்ற வீடுகளுக்கும் ஒரு தாள் அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்.